கணிச்சொல்லும் காலமயக்கமும்: தங்கவயற் புனைவுலகில் முன்னறிவிப்பு

1. முன்னுரை

வியப்புக் கூறுகள் மிகுந்த கதைகளில் முன்னறிவிப்பு என்பது கதைப்பின்னலின் அச்சாக நிற்கிறது. வரப்போவதை ஒருவர் முன்னரே சொல்கிறார். கேட்டவர் அதற்குப் பொருள் கொள்கிறார். கொண்ட பொருள் பிழைபடுவதாலோ பலிப்பதாலோ கதை முடிகிறது. இவ்வமைப்பு உலகப் பொதுமையானது என்று கருதப்படுவதால், ஒரு மொழியின் முன்னறிவிப்பை மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்வது எளிது என்ற எண்ணமும் மொழிபெயர்ப்பாளரிடையே உண்டு. இவ்வெண்ணம் ஆய்வுக்குரியது. முன்னறிவிப்பு ஒரு கருத்து மட்டுமன்று. அது ஒரு வாக்கியம். அதற்குக் காலம், இடம், பால், எண் ஆகிய இலக்கணக் கூறுகள் உண்டு. அதைச் சொல்லும் உரிமை யாருக்கு, அதற்குப் பொருள் கொள்ளும் உரிமை யாருக்கு என்னும் சமூக வரையறையும் உண்டு.

கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலைக் களமாகக் கொண்ட இரு திரைப்படைப்புகளை முன்வைத்து இச்சிக்கலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, பிரசாந்த் நீல் இயக்கிய கன்னடப் படமான 'கே.ஜி.எஃப்.' (முதற்பகுதி 2018, இரண்டாம் பகுதி 2022). மற்றொன்று, பா. இரஞ்சித் இயக்கிய தமிழ்ப் படமான 'தங்கலான்' (2024). இரண்டும் ஒரே மண்ணைப் பற்றியவை. இரண்டும் வரலாற்றைப் புனைவாக்கியவை. இரண்டிலும் ஒருவனுக்கு முன்னரே விதிக்கப்பட்ட ஒன்று உண்டு. ஆயினும் அவ்விதிப்பின் இலக்கணம் இரண்டிலும் வேறு. அவ்வேறுபாட்டை விளக்கப் பழந்தமிழ்க் காப்பியங்களும் இலக்கண நூல்களும் பெரிதும் துணைசெய்கின்றன.

2. சொற்களும் உரிமைகளும்

வரப்போவதை அறிவிக்கும் செயலுக்குத் தமிழில் ஒரு சொல் இல்லை. பல சொற்கள் உள்ளன. நிமித்தம், விரிச்சி, கணி, குறி, கனா, வரம், சாபம், வஞ்சினம் என இவை விரியும். கிறித்தவ மறைநூல் மொழிபெயர்ப்பின்வழி வழக்கில் நிலைபெற்ற 'தீர்க்கதரிசனம்' என்னும் சொல்லும் இவற்றோடு சேரும். இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. நிமித்திகன் கற்ற நூலறிவால் சொல்கிறான். குறி சொல்பவள் தெய்வம் தன்மேல் ஏறி நிற்கச் சொல்கிறாள். சாபமிடுபவர் தாம் பட்ட துன்பத்தின் வலிமையால் சொல்கிறார். வஞ்சினம் கூறுபவன் தன் செயலைப் பிணையாக வைத்துச் சொல்கிறான்.

இவற்றுள் விரிச்சி தனித்து நோக்கத்தக்கது. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே நெல்லும் மலரும் தூவி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். அப்போது ஆயர்குலப் பெண்ணொருத்தி, தாயைக் காணாது வருந்தும் கன்றுக்கு அதன் தாய்மார் விரைவில் வந்துவிடுவர் என்று ஆறுதல் கூறுகிறாள். அச்சொல்லையே முதுபெண்டிர், போர்மேற் சென்ற தலைவன் மீள்வான் என்பதற்கு அறிகுறியாகக் கொள்கின்றனர். இங்குச் சொன்னவளுக்குத் தான் முன்னறிவிப்புச் செய்கிறோம் என்பதே தெரியாது. முன்னறிவிப்பைப் படைத்தவர்கள் கேட்டவர்களே. இதில் ஓர் இலக்கண நுட்பமும் உண்டு. கன்றின் தாய்மாராகிய அஃறிணைப் பொருளை அப்பெண் பரிவினால் உயர்திணைப் பன்மை ஈற்றால் சுட்டுகிறாள். அத்திணை வழுவமைதிதான், பசுக்களைப் பற்றிய சொல்லை மனிதரைப் பற்றிய சொல்லாகக் கொள்ள வாயில் திறந்துவைக்கிறது. திணை வேறுபாடு வினையில் தோன்றாத மொழிக்கு இதைப் பெயர்க்குங்கால் பொருள் குறையாது. ஆனால் அவ்வாயில் எங்கே இருந்தது என்பது மறைந்துவிடும்.

இனி, இச்சொற்களுக்கெல்லாம் அடிப்படையாக நிற்கும் 'ஊழ்' என்பதை நோக்குவோம். ஆங்கிலத்தில் விதியைக் குறிக்கும் 'ஃபேட்' என்னும் சொல், பேசுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து வந்தது. அதன் மூலப்பொருள் 'சொல்லப்பட்டது' என்பதாகும். வடமொழி 'விதி', 'வகுத்து வைக்கப்பட்டது' என்னும் பொருளினது. தமிழ் 'ஊழ்' என்பதோ முறை, முதிர்வு, மலர்தல் ஆகிய பொருள்களைத் தருவது. பூ மலர்வதையும் கனி முதிர்வதையும் அவ்வடியாலேயே பழந்தமிழ் குறித்தது. விதி சொல்லப்பட்டதாயின் அதற்குச் சொன்னவர் ஒருவர் வேண்டும். சொல்லில் இருபொருள் இருக்கவும் கூடும். ஊழ் முதிர்வதாயின் அதற்கு வித்து வேண்டும். வித்து இறந்தகாலத்தில் இருக்கும். ஆகவே ஊழைப் பற்றிய அறிவு என்பது பெரும்பாலும் இறந்தகாலத்தைப் பற்றிய அறிவே ஆகிறது. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

3. இலக்கணிகள் கண்ட எதிர்காலம்

தொல்காப்பிய வினையியலும் நன்னூற் பொதுவியலும் காலமயக்கத்தை வழுவமைதியாகப் பேசுகின்றன. எதிர்காலத்தில் நிகழ வேண்டியதை இறந்தகாலத்தாற் கூறுதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியன காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. உண்ணப் புகுபவன் தன்னை அழைப்போரிடம் 'உண்டேன், வந்தேன்' என்பது விரைவு பற்றியது; இன்றைய பேச்சுவழக்கிலும் இது உண்டு. இவற்றுள் நமக்கு வேண்டுவது தெளிவு என்னும் காரணம். அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, எறும்புகள் தம் முட்டைகளைச் சுமந்து மேட்டிடத்துக்கு ஏறுவதைக் கண்ட ஒருவன், மழை பெய்ததாகவே இறந்தகாலத்தாற் கூறுவதாகும். மழை இன்னும் பெய்யவில்லை. ஆயினும் அறிகுறி உறுதியானதாதலின் நிகழ்ந்து முடிந்ததாகவே மொழி அதனைக் கூறுகிறது.

இவ்வெடுத்துக்காட்டு நிமித்தம் பற்றியது என்பது கருதத்தக்கது. தெளிவான எதிர்காலத்துக்குச் சான்று தேடிய இலக்கணிகள் ஒரு முன்னறிவிப்பையே எடுத்துக்கொண்டனர். இதனடிப்படையில் தமிழ் முன்னறிவிப்பின் வினைவடிவங்களை ஒரு படிவரிசையாக அமைத்துக் காணலாம். 'பெய்யலாம்', 'பெய்யக்கூடும்' என்பன ஐயம் கலந்தவை. 'பெய்யும்' என்பது எதிர்காலத்தையும் இயல்பையும் ஒருங்கே உணர்த்துவது. 'பெய்தது' என்பது முழுத்தெளிவு. எதிர்காலம் எத்துணை உறுதியாகிறதோ அத்துணை அது இறந்தகாலத்தை நெருங்குகிறது.

இதே போக்கினைக் காப்பியங்களிலும் காண்கிறோம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட கனாவைத் தேவந்திக்கு உரைக்கிறாள். பெரிய நகரொன்றில் பழி வந்து சேர்ந்ததும், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததும், தான் அரசன்முன் வழக்குரைத்ததும், அரசனுக்கும் ஊருக்கும் கேடு விளைந்ததும் அக்கனாவில் அடக்கம். மதுரைக் காண்டம் முழுவதும் புகார்க் காண்டத்திலேயே நடந்து முடிந்ததாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. கனாவை இறந்தகாலத்திற் கூறுவது இயல்பே, அது காலமயக்கம் ஆகாது எனலாம். உண்மை; எனினும் கதையமைப்பில் அதன் பயன் காலமயக்கத்தின் பயனே. தேவந்தி அக்கனாவுக்கு, முற்பிறப்பில் நோன்பு தவறியதால் வந்த வினை எனப் பொருள் கூறி, நீர்த்துறைகளில் மூழ்கிக் காமன் கோட்டம் தொழுமாறு சொல்கிறாள். கண்ணகி அது தனக்குப் பெருமையாகாது என்று மறுக்கிறாள். பொருள் சொல்லப்பட்டது, கழுவாயும் காட்டப்பட்டது, கேட்டவள் ஏற்கவில்லை. முன்னறிவிப்பைக் கேட்டவரின் உரிமை இங்கு நிலைநாட்டப்படுகிறது.

அக்காப்பியத்தின் இறுதியில் வரும் நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. தேவந்திகையின்மேல் தெய்வம் நின்று, இளங்கோவடிகளை நோக்கி அவரது பழைய வரலாற்றை உரைக்கிறது. நிமித்திகன் இளையவனுக்கே அரசு என்று கூற, மூத்தவன் மனம் நோகாதவாறு இளையவர் துறவு பூண்டார் என்பது அவ்வரலாறு. நிமித்திகன் சொல் பொய்த்துவிட்டதா? காப்பியம் அவரை முடிவில்லாத இன்பமாகிய அரசை ஆளும் வேந்தர் என்று போற்றுகிறது. 'அரசு' என்னும் ஒரு சொல் நிலவுலகிலிருந்து வீட்டுலகுக்கு இடம்பெயர்ந்து, சொல்லும் பலித்தது, அதைத் தவிர்த்த செயலும் சிறந்தது என்னும் இரட்டை முடிவைத் தருகிறது. இப்பகுதியைப் பெயர்ப்பவர் முன்னும் பின்னும் ஒரே சொல்லை ஆளவேண்டும். ஓரிடத்தில் 'ஆட்சி' எனவும் மற்றோரிடத்தில் 'பேறு' எனவும் பொருள்தரும் சொற்களை இட்டால் நிமித்திகன் வெறும் பொய்யனாகிவிடுவான்.

மணிமேகலையிலும் எதிர்காலத்துக்கு வாயில் இறந்தகாலமே. மணிபல்லவத்துப் புத்தபீடிகையைக் கண்டதும் மணிமேகலை அறிவது தன் முற்பிறப்பை. பின்னர்க் கந்திற்பாவையாகிய தூண்தெய்வம் அவளுக்கு வருவது உரைக்கும்போதும், முன்னைய தொடர்புகளைச் சொல்லியே பின்னையவற்றைச் சொல்கிறது. இன்றும் வழக்கிலுள்ள நாடி சோதிடத்தில், ஓலை படிப்பவர் முதலில் கேட்பவரின் கடந்தகாலச் செய்திகளைக் கூறி ஒப்புதல் பெற்ற பிறகே வருவதைக் கூறுவது இம்மரபின் எச்சம் எனலாம்.

4. தங்கவயல்: மண்ணும் சொல்லும்

இவ்வடிப்படையோடு கோலார் தங்கவயலுக்கு வருவோம். 1802-இல் மைசூரின் கிழக்கெல்லையை அளந்துகொண்டிருந்த லெப்டினன்ட் ஜான் வாரன், அப்பகுதியில் பொன் கிடைக்கிறது என்னும் வதந்தியைக் கேட்டு, ஊர்மக்களைக்கொண்டு மண்ணைக் கழுவிப் பார்த்தார். அவர் எழுதிவைத்த குறிப்பை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்துப் படித்த மைக்கேல் லவெல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் 1870-களில் அகழ்வு உரிமம் பெற்றார். 1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் குழுமம் இங்குக் கால்பதித்தது. வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து பெருந்தொகையான தமிழர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள், இங்குக் குடிபெயர்ந்து சுரங்கத் தொழிலாளராயினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. 2001 பிப்ரவரி இறுதியில், அப்போது சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது.

அவ்வாழத்தில் பாறை வெடிப்பு அன்றாட அச்சம். அது எப்போது, எங்கே நிகழும் என்று முன்னுணர்வதற்கான அறிவியல் முயற்சிகளும் இங்கு நடந்தன. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் தங்கவயலில் தோற்றுவிக்கப்பட்டது. மேற்கூறிய படிவரிசையில் அறிவியலின் முன்னறிவிப்பு 'நிகழக்கூடும்' என்னும் முதற்படியில் நிற்பது. கதையின் முன்னறிவிப்போ 'நிகழ்ந்தது' என்னும் இறுதிப்படியைத் தேடுவது. உயிரைப் பணயம் வைத்து மண்ணுக்குள் இறங்கிய மக்களின் மண் இரண்டாம் வகைக் கதைகளுக்குக் களமானதில் வியப்பில்லை.

ஊர்ப்பெயரிலும் ஒரு செய்தி உண்டு. ஆங்கிலத்தில் 'கோல்டு ஃபீல்ட்ஸ்' என்பதில் உள்ள இரண்டாம் சொல் தாதுப்பொருள் பரந்துள்ள நிலப்பரப்பைக் குறிப்பது. தமிழ் அதனை 'வயல்' என்று பெயர்த்தது. கன்னடம் இவ்விடத்துக்குச் சுரங்கம் என்னும் பொருளுடைய 'கணி' என்னும் சொல்லை ஆளும். தமிழெழுத்தில் எழுதினால் அது வருவதுரைப்போனைக் குறிக்கும் தமிழ்க் 'கணி'யோடு ஒன்றுபோல் தோன்றும். இரண்டுக்கும் சொற்பிறப்புத் தொடர்பு இல்லை. ஆனால் 'வயல்' என்பது அத்தகைய தற்செயல் ஒப்புமை அன்று. நெல் விளையும் வயலை இழந்தவர்கள், பொன் விளைவதாகச் சொல்லப்பட்ட வயலுக்குச் சென்றனர். பெயர்த்தவர் அறிந்து செய்தாரோ அறியாது செய்தாரோ, அச்சொல் ஒரு விரிச்சியாகவே நிற்கிறது.

5. இரு முன்னறிவிப்புகள்

5.1 கே.ஜி.எஃப்.: தாயின் சொல்

'கே.ஜி.எஃப்.' படத்தின் கதையை ஓர் எழுத்தாளர் சொல்கிறார். அவர் எழுதித் தடைசெய்யப்பட்ட நூல் ஒன்றே அதன் மூலம். இக்கதையுலகில் 1951-இல் அரசு அலுவலர்கள் கோலாரில் பொன் இருப்பதைக் கண்டறிகின்றனர். உடன் சென்ற சூரியவர்த்தன் அவர்களைக் கொன்று, சுண்ணாம்புக்கல் சுரங்கம் என்ற பெயரில் நராச்சி என்னும் சுரங்கத்தைத் தொடங்குகிறான். அதே காலத்தில்தான் நாயகனும் பிறக்கிறான். வறுமையில் இறக்கும் தாய், அவன் சாகும்போது செல்வமும் வலிமையும் உடையவனாகச் சாகவேண்டும் என்று உறுதி பெறுகிறாள்.

இச்சொல் நிமித்தமன்று, குறியுமன்று. ஏவலும் வஞ்சினமும் கலந்த ஒன்று. தாய் ஏவுகிறாள், மகன் தன் செயலைப் பிணையாக்குகிறான். ஆனால் கதைசொல்லியின் வாயில் அது படிப்படியாக விதியின் தன்மையைப் பெறுகிறது. எழுத்தாளர் எல்லாவற்றையும் நடந்து முடிந்ததாகவே சொல்வதால், மகனின் முயற்சி ஒவ்வொன்றும் முன்னரே தீர்ந்துவிட்ட ஒன்றாகத் தோன்றுகிறது. தாயின் சொல்லில் கூர்ந்து கவனிக்கத்தக்கது, அது வாழ்வைப் பற்றிப் பேசாமல் சாவைப் பற்றிப் பேசுவது. செல்வனாக வாழ்ந்தால் அச்சொல் நிறைவேறாது. செல்வனாகச் செத்தால்தான் நிறைவேறும். இரண்டாம் பகுதியின் இறுதியில் அவன் பொன்னோடு கடலில் மூழ்குவது அச்சொல்லின் எழுத்துப்படியான நிறைவேற்றம். வாழ்த்தாகத் தொடங்கிய சொல் சாபத்தின் இலக்கணத்தைப் பெற்றிருந்தது என்பதை முடிவில்தான் உணர்கிறோம். இது படத்தின் உண்மையான வலிமை.

அதன் குறை வேறிடத்தில் உள்ளது. பொன் கண்டறியப்பட்டதையும் நாயகன் பிறந்ததையும் ஒரே காலத்தில் வைப்பதற்காகப் படம் தங்கவயலின் தொடக்கத்தை 1951-க்கு நகர்த்திக்கொள்கிறது. புனைவுக்கு அவ்வுரிமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்நகர்வால் எழுபதாண்டுச் சுரங்க உழைப்பு கதைக்கு வெளியே தள்ளப்படுகிறது. சுரங்கத்தில் அடைபட்டுள்ள மக்கள் தமக்கென ஓர் இறந்தகாலம் இல்லாதவராய், மீட்பன் ஒருவனை எதிர்நோக்கும் கூட்டமாய் நிற்கின்றனர். ஊழ் முதிர்வது எனக் கண்டோம். வித்து நீக்கப்பட்ட இடத்தில் எஞ்சுவது ஒரு தனிமனிதனின் விதி மட்டுமே.

5.2 தங்கலான்: முன்னோன் கதை

'தங்கலான்' படம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில், வட ஆர்க்காட்டு வேப்பூரில் தொடங்குகிறது. தனக்கென நிலமுடைய தங்கலான், விளைச்சல் எரிந்து நிலத்தையும் இழக்கிறான். பொன் தேடி வரும் கிளெமென்ட் என்னும் ஆங்கிலேயனுடன் ஊரார் சிலரோடு புறப்படுகிறான். அதற்கு முன்பே அவன் தன் பிள்ளைகளுக்குத் தன் முன்னோனாகிய காடையனின் கதையைச் சொல்லியிருக்கிறான். அரசனுக்காகப் பொன் தேடிச் சென்ற காடையனையும், அப்பொன்னைக் காத்துநின்ற ஆரத்தியையும் பற்றியது அக்கதை. ஆரத்தி அவன் கனவிலும் நனவிலும் தோன்றிக்கொண்டே இருக்கிறாள்.

இப்படத்தின் அடிப்படை முன்னறிவிப்பு எதிர்கால வாக்கியமாக அமையவில்லை. தந்தை பிள்ளைகளுக்குச் சொல்லும் பழங்கதையே முன்னறிவிப்பு. அதன் வினைகள் இறந்தகாலத்தன. அதன் பொருளோ எதிர்காலத்தது. சென்றான், கண்டான், அஞ்சினான் என்று காடையனுக்குச் சொல்லப்பட்டவை தங்கலானுக்கு நிகழவிருப்பவை. எறும்பைக் கண்டு மழை பெய்தது என்றவனின் வாக்கியமும் இக்கதையும் ஒரே இலக்கணத்தின. பழந்தமிழ் இலக்கணிகளின் காலமயக்கம் ஒரு முழுக் கதையின் அமைப்பாக விரிந்துள்ளது எனலாம்.

அம்முன்னறிவிப்புக்குப் பொருள் கொள்வோர் மூவகையினர். கிளெமென்ட் பழங்கதையை வழிகாட்டும் வரைபடமாகக் கொள்கிறான். இடம் தெரிந்தால் போதும் அவனுக்கு. வாரனின் குறிப்பு லவெலுக்கு உதவியது இவ்வகையில்தான். உடன்வந்தவர்கள் அதை எச்சரிக்கையாகக் கொள்கின்றனர். காவல் தெய்வத்தின் சினம் அவர்களை நடுங்கச்செய்கிறது. தங்கலான் மட்டுமே, இக்கதையில் வருபவள் எனக்கு யார் என்று கேட்கிறான். முதலிருவர் கேட்கும் வினாக்கள் இடத்தையும் விளைவையும் பற்றியவை. அவன் வினா உறவைப் பற்றியது. மணிமேகலை பீடிகையின்முன் அடைந்த அறிவும் இவ்வகையினதே. தமிழ்க் கதைமரபில் முன்னறிவிப்பை விடுவிப்பது என்பது பலவிடங்களில், மறந்த உறவை இனங்காண்பதாகவே அமைகிறது.

படத்தில் தலையிழந்த புத்தர் சிலை இடம்பெறுவதும் இதனோடு இயைகிறது. அயோத்திதாச பண்டிதர் (1845–1914) வழக்கிலிருந்த கதைகளையும் சடங்குகளையும் மறைக்கப்பட்ட பௌத்த வரலாற்றின் அடையாளங்களாக மீண்டும் படித்தவர். அவர் தொடங்கிய பௌத்த இயக்கம் தங்கவயலில் வேரூன்றியது; அவர்தம் எழுத்துகளை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை நூல்களாக வெளியிட்டது. பழங்கதையை மீட்டுப் படிப்பதன்வழி வருங்காலத்தை உரிமை கொள்ளும் முறை தங்கவயல் தொழிலாளரிடையே ஓர் அறிவுமரபாக இருந்தது. 'தங்கலான்' அம்மரபின் திரைவடிவம் என்று கொள்ள இடமுண்டு.

எனினும் படத்தின் பிற்பகுதி இந்நுட்பத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஆரத்திக்கும் தங்கலானுக்கும் உள்ள முற்பிறப்புத் தொடர்பு காட்சிகளாலும் விளக்கங்களாலும் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படுகிறது. கண்ணகி தேவந்தியின் விளக்கத்தைக் கேட்டும் அதற்கு வெளியே நின்றாள். அவ்விடைவெளியில்தான் அவள் ஆளுமை தோன்றியது. தங்கலானுக்கு அவ்விடைவெளி தரப்படவில்லை. முன்னறிவிப்பு இங்குச் சான்றிதழாகிவிடுகிறது. பழங்கதை தன் கதையாக இருக்கக்கூடும் என்னும் நிலையில் அவன் எடுக்கும் முடிவுகள், அது தன் கதைதான் என்று உறுதிசெய்யப்பட்டபின் எடுப்பவற்றினும் ஆழமானவை.

6. மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டியவை

மேற்கூறியவை மொழிபெயர்ப்புக்கு மூன்று செய்திகளைத் தருகின்றன.

முதலாவது, முன்னறிவிப்பின் மடக்கு எங்கே இருக்கிறது என்பதை அறிதல். மேலைப் புனைவுகளில் அது பெரும்பாலும் சொல்லின் இருபொருளில் உள்ளது. பேரரசு ஒன்று அழியும் என்று கேட்டு, அழிவது தன்னுடையது என்பதை உணராது போருக்குச் சென்ற குரோசசின் கதையை எரொடோட்டசு கூறுகிறார். டோல்கீனின் மோதிரக் கதையில், மனிதன் கையால் வீழமாட்டான் என்று சொல்லப்பட்ட பேயரசனை ஒரு பெண்ணும் குறுமாந்தன் ஒருவனும் சேர்ந்து வீழ்த்துகின்றனர். ஆங்கிலச் சொல் மாந்தரையும் ஆடவரையும் ஒருங்கே குறிப்பதே அங்கு மடக்கு. தமிழில் 'ஆண்' என்று பெயர்த்தால் புதிர் உடைந்துவிடும். 'யாரும்' என்று பெயர்த்தால் சொல் பொய்யாகிவிடும். 'மனிதன்' என்னும் சொல் ஆண்பால் ஈறு உடையதாயினும் மாந்தர் அனைவரையும் குறிக்கும் வழக்கும் உடையதாதலின் இரு பொருளையும் தாங்கும். தமிழ்க் கதைகளில் மடக்கு சொல்லினும் காலத்திலும் உறவிலும் மிகுதி. 'அரசு' போல்வன சொல்லில் அமைவனவும் உண்டு. ஆதலின் இதனை விதியாகக் கொள்ளாமல் போக்காகவே கொள்ளவேண்டும்.

இரண்டாவது, பால் மறைத்தல். வரப்போகிறவர் ஆணா பெண்ணா என்பதை மறைத்துச் சொல்லும் முன்னறிவிப்புகள் ஆங்கிலத்தில் எளிது. தமிழ் வினைமுற்று பாலைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு மொழியிலேயே இரு தீர்வுகள் உள்ளன. 'ஒருவர்' என்னும் பெயர் இருபாலுக்கும் பொதுவாய்ப் பன்மை வினை கொள்வது. 'செய்யும்' என்னும் முற்று, பலர்பால் ஒழிந்த படர்க்கைப் பால்கள் நான்குக்கும் பொதுவானது. 'வரும்', 'வீழ்த்தும்' என்பன வருவது ஆணோ, பெண்ணோ, விலங்கோ என்று சொல்வதில்லை. இன்றைய வழக்கில் உயர்திணைக்கு இம்முற்று அருகிவிட்டது. அப்பழமைத் தோற்றமே கணிச்சொல்லுக்குப் பொருந்துவதாகும்.

மூன்றாவது, சொல்வகை பிரித்தல். வேற்றுமொழிப் புனைவுகளைத் தமிழாக்குவோர் எல்லாவற்றுக்கும் 'தீர்க்கதரிசனம்' என்ற ஒரு சொல்லையும், தமிழ்ப் படைப்புகளை வேற்றுமொழிப்படுத்துவோர் ஊழ், விதி, தலையெழுத்து ஆகிய மூன்றுக்கும் ஒரே அயற்சொல்லையும் ஆள்வது பெருவழக்கு. குறி சொன்னவளை நிமித்திகன் ஆக்கினால் தெய்வம் மறைந்து நூலறிவு வந்துவிடும். வஞ்சினத்தை விதியாக்கினால் செய்பவன் கருவியாகிவிடுவான். 'கே.ஜி.எஃப்.' போன்ற கதையைத் தமிழாக்குவோர் தாயின் சொல்லை ஏவல் வினையாகவே நிறுத்துவது நன்று; அது 'நீ சாவாய்' என்னும் எதிர்கால முற்றாக மாறினால் கதை தன் முடிவைத் தொடக்கத்திலேயே இழக்கும். 'தங்கலான்' போன்ற கதையை அயல்மொழியாக்குவோர் முன்னோன் கதையின் இறந்தகால வினைகளை எளிய, முற்றுப்பெற்ற வடிவிலேயே வைத்தல் வேண்டும். முன்னுணர்த்தும் தொனியை வலிந்து ஏற்றினால், கேட்பவர் தாமே கண்டறியவேண்டிய விரிச்சி விளம்பரமாகிவிடும்.

7. முடிவுரை

புறநானூற்றின் 192-ஆம் பாடலைப் பாடிய கணியன் பூங்குன்றன் பெயராலேயே கணிக்கும் தொழிலோடு தொடர்புடையவன் என்பர். உயிர் ஆற்றுநீரில் செல்லும் புணைபோல முறைவழிச் செல்லும் என்று கூறிய அவன், அதிலிருந்து பெற்ற முடிபு குறிப்பிடத்தக்கது. ஆதலால் பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்பதே அவன் கருத்து. ஊழை நன்கறிந்தவன் அதைக்கொண்டு ஒருவனைத் தேர்ந்தெடுத்த நாயகனாக்கவில்லை; எல்லாரையும் ஒரே நீரில் நிறுத்தினான்.

தங்கவயலைப் பற்றிய முன்னறிவிப்புக் கதைகள் இன்னும் பல எழுதப்படும், பெயர்க்கவும்படும். அவற்றை மதிப்பிட இவ்வாய்வு தரும் அளவுகோல் எளியது. கதையின் எதிர்காலம் எவ்வளவு நீண்ட இறந்தகாலத்தின்மேல் நிற்கிறது, அவ்விறந்தகாலத்தில் யார் யார் இடம்பெறுகின்றனர் என்று கேட்கவேண்டும். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் மண்ணுக்குள் இறங்கிய மக்களின் வாழ்வை 1951-இல் தொடங்கும் கதை தாங்காது. முன்னோன் கதையாகத் தொடங்கும் கதை தாங்கக்கூடும். அதற்கும் கேட்பவரின் உரிமையை இறுதிவரை விட்டுவைக்கும் துணிவு வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கையில் இருப்பது ஒரு வினையின் காலம் மட்டுமே. ஆனால் எறும்பு மேடேறக் கண்டவன் 'பெய்தது' என்று சொன்னானா, 'பெய்யலாம்' என்று சொன்னானா என்பதில்தான் கேட்டவன் குடையெடுப்பதும் எடுக்காததும் அமைகிறது.